பாவகடாவுக்குக் கொண்டுபோன கடலைமிட்டாய்

ஆடி பிறந்து நாலு நாள் ஆகியிருந்தது. கோவில்பட்டி ரயில் நிலையத்தில் காற்று ஆளைத் தள்ளிக்கொண்டு போனது. நாகர்கோவிலிலிருந்து வரும் பெங்களூர் ரயிலுக்காக நின்றிருந்தேன். தோள்பையில் இரண்டு செட் துணி, ஒரு மடிக்கணினி, மூன்று கிலோ கடலைமிட்டாய். மடிக்கணினிக்குள், சோலார் நிலையத்துக்கு நிலம் எடுக்கும் ஒரு குத்தகை ஒப்பந்தத்தின் வரைவு. அந்த வரைவை எங்கள் பக்கத்துச் சம்சாரிகளிடம் கையெழுத்துக்குக் கொண்டுபோகும் முன், அப்படிப்பட்ட ஒப்பந்தத்துக்குள் சில வருடங்களாக வாழ்ந்துகொண்டிருக்கிற ஆட்களை ஒருமுறை பார்த்துப் பேசிவிட வேண்டும் என்று தோன்றியது. அதற்குத்தான் கர்நாடகத்தின் பாவகடாவுக்கு இந்தப் பயணம்.

சோலார் கம்பெனியில் வேலை என்று சொன்னால், மாடியில் பத்துப் பேனல் போட எவ்வளவு ஆகும் என்று கேட்பார்கள். நான் செய்வது வேறு. ஒன்றுமில்லாத ஒரு பொட்டல், ஐம்பது மெகாவாட்டோ நூறு மெகாவாட்டோ தரும் மின் நிலையமாக மாறுவதற்கு முன்னால் நடக்கிற அத்தனை வேலையும் டெவலப்பரின் வேலை. இடம் பார்க்க வேண்டும், நிலத்தைச் சேர்க்க வேண்டும், சப்ஸ்டேஷனில் நம் கம்பி வந்து சேர ஓர் இடம் வாங்க வேண்டும், மின்சாரத்தை 25 வருடத்துக்கு வாங்கிக்கொள்ள ஒருவரிடம் ஒப்பந்தம் போட வேண்டும், வங்கியை நம்பவைக்க வேண்டும். முதல் இரும்புத்தூண் மண்ணில் இறங்குவதற்குள் தலைமுடி நரைக்கத் தொடங்கிவிடும்.

இதில் வெயில்தான் எளிதான பகுதி. சென்னைப் பள்ளிக்கரணையில் இருக்கும் தேசியக் காற்றாற்றல் நிறுவனம் 2011இல் நாடு முழுக்க 51 இடங்களில் கதிர்வீச்சை அளக்கும் நிலையங்களை நிறுவியது. பிறகு அவை இன்னும் பெருகின. அந்த அளவுகளும் செயற்கைக்கோள் தரவும் சேர்ந்தால், ஓர் ஏக்கரில் வருடத்துக்கு எவ்வளவு வெயில் விழும் என்று கணினி ஒரே பகலில் சொல்லிவிடும். அந்த ஓர் ஏக்கர் யாருடையது என்று சொல்லத்தான் இரண்டு வருடம் ஆகும். தாய்ப்பத்திரம் ஒருவர் பெயரில் இருக்கும், கூட்டுப்பட்டா ஏழு பேர் பெயரில் இருக்கும். ஏழில் இரண்டு பேர் இறந்திருப்பார்கள், ஒருவர் திருப்பூரில் இருப்பார். நிலப் பதிவேடுகளைப் புதுப்பித்த யுடிஆர் காலத்தில் எழுத்தர் ஒருவர் ஓர் எண்ணை மாற்றி எழுதியிருப்பார், அதை யாரும் திருத்தியிருக்க மாட்டார்கள். முப்பது வருட வில்லங்கச் சான்றை வரி வரியாகப் படித்தே என் கண்ணாடியின் பவர் கூடியது. நிபந்தனைப் பட்டா, பஞ்சமி நிலம், பூமிதானம் என்று தலித்துகளுக்கும் நிலமில்லாதவர்களுக்கும் கொடுக்கப்பட்ட, தொடவே கூடாத நிலங்களும் நடுநடுவே கிடக்கும். அவற்றைத் தொடாமல் விடுவது சட்டம் மட்டுமில்லை, நியாயமும்கூட.

எங்கள் வழக்கம் நிலத்தை விலைக்கு வாங்குவது. கமுதியில் 2016இல் 648 மெகாவாட் நிலையம் எழுந்தபோது, ஏறத்தாழ 2,500 ஏக்கரில் ஒரே இடத்தில் உலகத்திலேயே பெரிய சோலார் நிலையம் என்று பேசப்பட்டது. அந்த நிலம் விலைக்கு வாங்கிய நிலம். அதைப் பார்த்துத்தான் ராமநாதபுரம், விருதுநகர், தூத்துக்குடி மாவட்டங்களில் கரிசல் காட்டுக்கு விலை வந்தது. ஆனால் இந்தச் சித்திரையில், விளாத்திகுளம் பக்கம் ஓர் ஊரில், வேப்பமரத்தடிக் கூட்டத்தில் ஒரு பெரியவர் எழுந்து நின்று சொன்னார்: “விக்கிறதுக்கு இல்ல தம்பி. குத்தகைக்குன்னா பேசுவோம். கர்நாடகாவுல அப்பிடித்தான் குடுத்திருக்காங்களாம்ல?”

அவர் சொன்னது உண்மை. பாவகடாவில் அப்படித்தான் கொடுத்திருக்கிறார்கள்.

ரயில் பயணத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. கரூர் தாண்டும்வரை தூங்காமல் வரைவைப் படித்துக்கொண்டிருந்தேன். பெங்களூரில் காலையில் இறங்கியபோது சாரல். வண்டி ஓட்ட வந்தவர் மதுகிரிக்காரத் தம்பி. கன்னடமும் தெலுங்கும் அவருக்கு வீட்டிலேயே வந்தவை. பெங்களூரில் ஐந்து வருடம் ஓட்டியதில் தமிழும் சேர்ந்துகொண்டது. தாபஸ்பேட்டையில் தட்டே இட்லி தின்றோம். ஒரு தட்டளவு இட்லி, மேலே வெண்ணெய். அங்கிருந்து பெருஞ்சாலையை விட்டு வடக்கே திரும்பினால் கொரட்டகெரே. அதுவரை பாக்கும் தென்னையுமாகப் பச்சை. மதுகிரியில் ஒரே பாறையாக நிற்கும் மலையும், அதன்மேல் ஏறிப்போகும் கோட்டைச் சுவரும் தெரிந்தன. “வர்றப்ப ஏறலாம்ணா” என்றார் தம்பி. திரும்பி வரும்போது இருட்டிவிட்டது.

மதுகிரி தாண்டியதும் மரங்கள் ஒவ்வொன்றாக விடைபெற்றன. யாரோ அடுக்கிவைத்துவிட்டுப் போன மாதிரி உருண்டைப் பாறைக் குன்றுகள். இடையில் சிவப்பு மண். ஏரிக்கரைகள் இருந்தன, ஏரிகளில் தண்ணீர் இல்லை. எனக்குத் தொழில் புத்தி வந்து மண்ணைப் பார்த்தேன். எங்கள் கரிசல் மழைக்கு ஊதும், வெயிலுக்கு வெடிக்கும். தூணை எவ்வளவு ஆழம் இறக்கினாலும் இழுத்துப் பார்த்துத்தான் நம்ப முடியும். இந்தச் செம்மண் நிலையாக நிற்கும் மண். கடல்மட்டத்திலிருந்து அறுநூறு மீட்டருக்கு மேல் இருக்கிற ஊர் என்பதும் ஒரு நன்மை. பேனலுக்கு வேண்டியது வெளிச்சம், சூடு இல்லை. 25 டிகிரி வெப்பத்தில் அளந்து பெயர் எழுதப்பட்ட பேனல், அதற்கு மேல் ஏறும் ஒவ்வொரு டிகிரிக்கும் ஒரு சதவீதத்தில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு உற்பத்தியை இழக்கும். பேனலின் உடம்பு சித்திரை மத்தியானத்தில் அறுபதைத் தாண்டும் என்பதால் இது சின்னக் கணக்கில்லை.

பாவகடா தும்கூரு மாவட்டத்தின் ஒரு தாலுகா. வரைபடத்தைப் பார்த்தால் கர்நாடகம் ஒரு கையை நீட்டி ஆந்திரத்துக்குள் வைத்த மாதிரி இருக்கும். மூன்று பக்கமும் ஆந்திரம். கடைப்பலகை கன்னடத்தில், பேச்சு தெலுங்கில். எங்கள் வீட்டுப் பேச்சும் தெலுங்குதான். எந்தத் தலைமுறையில் எங்கிருந்து கிளம்பிக் கரிசலுக்கு வந்தோம் என்பதெல்லாம் தாத்தா காலத்திலேயே கதையாகிப்போனது. அம்மாவிடமும் அத்தைகளிடமும் மட்டுமே பேசி வந்த அந்தத் தெலுங்கை, பாவகடா பேருந்து நிலையத்தில் வழி கேட்கத்தான் முதல்முறையாக வெளியே எடுத்தேன். டீக்கடைக்காரர் சிரித்துவிட்டார். பேச்சு புரிந்தது, ஆனால் அவருடைய பாட்டி பேசிய மாதிரி இருந்ததாம்.

ஊரிலிருந்து வடக்கே திருமணி நோக்கிப் போனோம். ஒரு மேட்டில் ஏறியதும் தம்பி வண்டியை நிறுத்தினார்.

படங்களில் எத்தனையோ முறை பார்த்த சோலார் பூங்கா. திருமணி, பாலசமுத்ரா, வள்ளூரு, ராயசெர்லு, கியாதகானசெர்லு என்று ஐந்து ஊர்களின் நிலம். 13,000 ஏக்கர், 2,050 மெகாவாட். முதல் பகுதி 2018 மார்ச்சில் தொடங்கி வைக்கப்பட்டது. முழுப் பூங்காவும் 2019 முடிவுக்குள் ஓடத் தொடங்கியது. இந்த இடத்தைப் பார்க்கிற பலரும் ஏரி மாதிரி இருக்கிறது என்பார்கள். எனக்கு அது முதல் மழைக்கு உழுது போட்ட கரிசல் காடாகத் தெரிந்தது. அதே கருநீலம், அதே ஒழுங்கு, வானம் தொடுகிற வரைக்கும் போகும் அதே சால்கள். நடுநடுவே ஊர்கள் தீவுகளாக நின்றன. ஆடி மேகம் ஒன்று மேற்கிலிருந்து கிழக்காக நகர, அதன் நிழல் பேனல்கள்மேல் ஊர்ந்து போனது. ஒரு மேகம் தாண்ட ஐந்து நிமிடம் என்றால், அந்த ஐந்து நிமிடமும் எங்கோ ஒரு கட்டுப்பாட்டு அறையில் யாரோ திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார்கள்.

நான் இந்தத் தொழிலை நேசிக்கிறவன். நிலக்கரி எரித்த சாம்பல் படிந்த ஊர்களில் வேலை பார்த்திருக்கிறேன். புகையில்லாமல், சத்தமில்லாமல் இவ்வளவு மின்சாரம் மண்ணிலிருந்து எழுவதைப் பார்த்தபோது தொண்டை அடைத்தது. அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

பாவகடாவின் ஏற்பாடு இதுதான். மத்திய அரசின் சூரிய ஆற்றல் கழகமும் கர்நாடக அரசின் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் நிறுவனமும் சேர்ந்து 2015இல் ஒரு பூங்கா நிறுவனத்தை ஏற்படுத்தின. அது விவசாயிகளிடமிருந்து நிலத்தைக் குத்தகைக்கு எடுத்தது. சாலை, சப்ஸ்டேஷன், மின்தடம் எல்லாம் போட்டு, நிலத்தைப் பெரும்பாலும் ஐம்பது மெகாவாட் துண்டுகளாகப் பிரித்து, ஏலத்தில் வென்ற கம்பெனிகளுக்குக் கொடுத்தது. என் போன்ற டெவலப்பருக்கு இதைவிட நல்ல செய்தி இல்லை. கம்பியைக் கொண்டுபோய்ச் சொருகினால் போதும். விவசாயிக்கு ஏக்கருக்கு வருடம் 21,000 ரூபாய், இரண்டு வருடத்துக்கு ஒருமுறை 5 சதவீதம் கூடுதல், கால் நூற்றாண்டுக்கும் மேலாக. நிலம் அவர் பெயரிலேயே இருக்கும். கர்நாடகத்தில் பஹணி என்கிற ஆவணத்தில் அவர் பெயர் மாறாது.

ஆயிரக்கணக்கான பஹணிகளைச் சரிபார்த்து ஒவ்வொன்றுக்கும் ஒரு கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள் என்பதை நினைத்தாலே அந்த வேலையைச் செய்த கிராமக் கணக்கர்களையும் சர்வேயர்களையும் கையெடுத்துக் கும்பிடத் தோன்றும். தலித், பழங்குடிக் குடும்பங்களுக்கு அரசு கொடுத்த நிலம் அரசின் முன் அனுமதியில்லாமல் கைமாறக் கூடாது என்று அங்கே 1978இல் வந்த ஒரு சட்டம் இருக்கிறது. விலைக்கு வாங்குகிறவனுக்கு அந்த நிலம் வெறும் தடை. குத்தகையில் நிலம் அவர்கள் பெயரிலேயே தங்கிவிடும்.

திருமணி பக்கத்து ஊர் ஒன்றில், கோயில் திண்ணையில் ஒரு தாத்தாவைப் பார்த்தேன். எழுபத்தைந்து இருக்கும். வேட்டியை மடித்துக் கட்டி, தலையில் துண்டு.

“ஏ ஊரு நாயனா?” என்றார்.

மதுரைக்குத் தெற்கே, கோவில்பட்டி என்றேன். அவ்வளவு தூரத்தில் தெலுங்கு பேசுகிறார்களா என்று திண்ணையில் இருந்த மற்றவர்களையும் கூப்பிட்டார். கடலைமிட்டாய்ப் பொட்டலத்தைப் பிரித்தேன். எங்கள் ஊர் மிட்டாய்க்கு 2020இல் புவிசார் குறியீடு கிடைத்த கதையைச் சொன்னேன். தாத்தா ஒன்றை எடுத்து உடனே வாயில் போடவில்லை. வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார், பாகுக்குள் இருந்த பருப்பை நகத்தால் கீறினார், பிறகு மென்றார். “பருப்பு நல்ல பருப்பு. கரிசலா, செம்மண்ணா?” என்றார்.

பாவகடா நிலக்கடலைச் சீமை. மானாவாரி. மழை வந்தால் கடலை, வராவிட்டால் பெங்களூர். தாத்தாவுக்கு எட்டு ஏக்கர். ஆறு இடத்தில் போர் போட்டதில் ஒன்றில் மட்டும் சில வருடம் தண்ணீர் வந்தது. அதுவும் ஃப்ளோரைடு கலந்த தண்ணீர். கடன் ஏறியது. இரண்டு மகன்களும் பெங்களூரில் கட்டட வேலைக்குப் போனார்கள். அப்போதுதான் கௌலு வந்தது. குத்தகையை அவர்கள் கௌலு என்கிறார்கள். எட்டு ஏக்கருக்கு முதல் வருடம் 1,68,000 ரூபாய், மழையைப் பார்க்காமல், வங்கிக் கணக்கில். கடனை அடைத்தார், வீட்டுக்குத் தளம் போட்டார். பேரன் ஐடிஐ படித்துப் பூங்காவிலேயே இன்வெர்ட்டர் பராமரிப்பில் இருக்கிறான்.

“சந்தோஷமா தாத்தா?” என்று கேட்டேன்.

“பயம் போயிருச்சு நாயனா. ஆடி மாசம் வானத்தைப் பார்த்துப் பார்த்துக் கழுத்து வலிக்கும். இப்ப வலிக்கறதில்ல.” கொஞ்ச நேரம் கழித்து, “வா, என் நிலத்தைக் காட்டறேன்” என்று எழுந்தார்.

வேலிவரை நடந்தோம். உள்ளே எங்கும் ஒரே மாதிரி பேனல். வரப்பு இல்லை, எல்லைக்கல் இல்லை, வழியில் அவர் சொல்லிக்கொண்டு வந்த புளியமரமும் இல்லை. அவர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு விரலை நீட்டினார். “அந்த மூணாவது டிரான்ஸ்ஃபார்மர் தெரியுதா? அதுக்குக் கிழக்கால பதினோரு வரிசை தள்ளி ஆரம்பிக்குது. மரம் இருக்கறப்பவே தப்படி வெச்சு எண்ணிட்டேன். பேரனுக்கும் சொல்லிக் குடுத்திருக்கேன்.”

எட்டு ஏக்கரை அந்த மனிதர் வரிசை எண்ணாக மனதில் வைத்திருக்கிறார். பிறகு என்னிடம் கேட்டார்: “கௌலு முடியறப்ப நான் இருக்க மாட்டேன். இந்த இரும்பையெல்லாம் யாரு பிடுங்குவா? என் வரப்பை யாரு போடுவா?”

அவருடைய ஒப்பந்தத்தின் வாசகம் என் கையில் இல்லை. என் வரைவு இருந்தது. அதில் முப்பத்திரண்டு பக்கம். வாடகை, தாமத வட்டி, அடமான உரிமை, கம்பெனி கைமாறினால் என்ன, இயற்கைப் பேரிடர் வந்தால் என்ன என்று எல்லாம் இருந்தது. நிலத்தைத் திருப்பிக் கொடுப்பதற்கு ஒரே ஒரு வரிதான், ‘உள்ளது உள்ளபடி’ என்று. எழுதிய வக்கீலை நான் குறை சொல்ல மாட்டேன். அதைப் படித்துச் சரி என்று குறித்தது நான்தான். திண்ணைக்குத் திரும்பியதும் முதல் வேலையாக மடிக்கணினியைத் திறந்து, தாத்தா பக்கத்தில் உட்கார்ந்திருக்க, எழுதினேன்: ஒவ்வொருவரின் எல்லையும் வேலை தொடங்குமுன் ஜிபிஎஸ் கருவியால் அளந்து, ஆயத்தொலைவுகள் ஒப்பந்தத்தோடு இணைக்கப்பட வேண்டும். முடிவில் தூண்களை அகற்றவும் வரப்பைத் திரும்ப எழுப்பவும் கம்பெனி தன் செலவில், முன்கூட்டியே ஒதுக்கிய பணத்தில் செய்ய வேண்டும். எல்லைக்கல்லை அதே இடத்தில் நட வேண்டும். எழுதியதைத் தெலுங்கில் சொல்லிக் காட்டினேன். “ஓடையையும் எழுது. ஓடையை மூடிட்டா மழைத்தண்ணி ஊருக்குள்ள வரும்” என்றார் அவர்.

ஓடை. அதைக் கேட்டதும் முகம் சூடானது. நான் முன்பு வேலை பார்த்த ஒரு கம்பெனியில், வேறொரு மாவட்டத்தில், நிலத்தைச் சேர்த்துக் கொடுக்கும் தரகர்கள் வாங்கித் தந்த துண்டுகளுக்கு நடுவே ஒரு சின்ன ஓடை இருந்தது. வரைபடத்தில் மெல்லிய கோடு. வேலையை முடிக்கும் தேதி நெருங்கியது, தள்ளிப்போனால் அபராதம். ஓடையைத் தூர்த்து அதன்மேல் இரண்டு வரிசை ஏற்றினோம். ஐப்பசி மழையில் வேலி சாய்ந்தது, கீழே இருந்த மூன்று சம்சாரிகளின் உளுந்து மண்ணோடு போனது. நஷ்டஈடு கொடுத்தோம். ஆனால் அந்தச் சம்சாரிகளில் ஒருவர் பணத்தை எண்ணாமல் மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்த பார்வை இன்னும் என்னிடம் இருக்கிறது. ஓடை வரியை வரைவில் தனிப் பத்தியாகவே சேர்த்தேன்.

மத்தியானம் தாத்தா வீட்டில் சாப்பாடு. கேழ்வரகுக் களி உருண்டை, கீரைக் கடைசல், நிலக்கடலையும் மிளகாயும் அரைத்த காரத் துவையல். அந்தக் கடலை வீட்டுக்குப் பின்னால் பூங்காவுக்குள் போகாத அரை ஏக்கரில் விளைந்தது. வேண்டாம் என்று பேரன் சொல்லியும் வருடாவருடம் விதைக்கிறாராம்.

சாயங்காலம் கிளம்பும்போது, ஊர் எல்லையில், சாலையோரப் புல்லில் பத்துப் பன்னிரண்டு செம்மறிகளை ஓட்டிக்கொண்டு ஓர் அக்கா வந்தார். வண்டியை நிறுத்தச் சொல்லி, மிச்சமிருந்த கடலைமிட்டாயைக் கொடுத்துப் பேச்சுக் கொடுத்தேன். அவருக்கு நிலம் கிடையாது. முன்பு களையெடுக்க, கடலை பிடுங்க, காய் ஆய என்று வருடத்தில் நாலைந்து மாதம் கூலி இருந்தது. அறுவடை முடிந்த காட்டில் ஆடு மேய்ந்தது. அறுபது உருப்படி இருந்ததாம். வேலி வந்ததும் மேய்ச்சலுக்கு வெகுதூரம் நடக்க வேண்டியிருந்தது. கொஞ்சம் கொஞ்சமாக விற்று இந்தப் பன்னிரண்டு நிற்கிறது. பேனலுக்கு அடியில் வளரும் புல்லை அறுக்கச் சில நாள் கூப்பிடுவார்கள். அதுவும் எல்லா மாதமும் இல்லை.

“நிலம் அவங்களது, சரி. அதுக்குக் கௌலு வாங்கறாங்க, நல்லா இருக்கட்டும். புல்லு எல்லாருக்கும் பொதுவாத்தான சார் இருந்துச்சு?” என்றார்.

கோபமாகச் சொல்லவில்லை. தெரிந்துகொள்ளக் கேட்டார். பூங்காவால் ஊருக்குச் சாலை வந்திருக்கிறது, பள்ளிக்கூடத்துக்குச் செய்திருக்கிறார்கள், அதையும் அவரே சொன்னார். ஆனால் அவர் கேட்டதற்குப் பதில் என்னிடம் இல்லை. குத்தகை என்கிற ஏற்பாடு நிலத்துக்கு ஆவணம் வைத்திருப்பவரோடு பேசுகிறது. மேய்ப்பவருக்கும் களையெடுப்பவருக்கும் அந்த நிலத்தோடு இருந்த உறவு எந்தப் பஹணியிலும் இல்லை, எங்கள் ஊர்ப் பட்டாவிலும் இல்லை. நிலத்தை விலைக்கு வாங்கினாலும் குத்தகைக்கு எடுத்தாலும், அந்த அக்காவைப் பொறுத்தவரை வேலி ஒரே வேலிதான். பதினைந்து வருடத்தில் எத்தனையோ நிலங்களுக்கு நான் சட்டக் கருத்து வாங்கியிருக்கிறேன். ‘இங்கே யார் ஆடு மேய்க்கிறார்கள்’ என்று ஒரு கோப்பிலும் எழுதியதில்லை.

இருட்டத் தொடங்கியது. பகல் முழுக்க வேலிக்கு அந்தப் பக்கம் கேட்டுக்கொண்டிருந்த இன்வெர்ட்டர்களின் ரீங்காரம் ஒவ்வொன்றாக அடங்கியது. வழியெல்லாம் தம்பி பேசிக்கொண்டு வந்தார். நான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

எங்கள் தொழில் பைசாவில் நடக்கிறது. 2010இல் தேசிய சூரிய ஆற்றல் இயக்கம் தொடங்கி முதல் ஏலங்கள் நடந்தபோது ஒரு யூனிட் பதினோரு, பன்னிரண்டு ரூபாய். கமுதிக் காலத்தில் தமிழ்நாட்டில் 7.01. ராஜஸ்தானின் பட்லாவுக்கு 2017 மே மாதம் நடந்த ஏலத்தில் 2.44. குஜராத்தில் 2020 டிசம்பரில் 1.99. ஏலம் கணினித் திரையில் நடக்கும், விலை கீழ்நோக்கி இறங்கும். குறைந்தபட்சம் ஒரு பைசா குறைக்க வேண்டும். ஒருவர் ஒரு பைசா இறக்குவார், எதிராளி இன்னொரு பைசா இறக்குவார். கடைசி நிமிடத்தில் இறக்கினால் நேரம் நீளும். நள்ளிரவு தாண்டியும் அப்படி உட்கார்ந்திருக்கிறேன். ஒரு பைசாவுக்காக நான்கு பேர் அறைக்குள் குரல் உயர்த்திச் சண்டை போட்டதைப் பார்த்திருக்கிறேன். ஏனென்றால் பெரிய திட்டத்தில் ஒரு பைசா சிறிய தொகை இல்லை.

பாவகடாவின் அளவை வைத்தே ஒரு கைக்கணக்கு. ஒரு மெகாவாட் வருடத்துக்குச் சுமார் பதினேழரை லட்சம் யூனிட் தரும் என்று வைத்துக்கொள்ளலாம். 13,000 ஏக்கரை 2,050 மெகாவாட்டால் வகுத்தால் மெகாவாட்டுக்கு ஆறேகால் ஏக்கருக்குக் கொஞ்சம் மேல். ஏக்கருக்கு 21,000 என்றால் மெகாவாட்டுக்கு வாடகை ஏறத்தாழ 1,33,000 ரூபாய். யூனிட்டுக்கு ஏழெட்டுப் பைசா. தாத்தாவின் கடனை அடைத்து, தளம் போட்டு, கழுத்து வலியை எடுத்தது அந்த ஏழெட்டுப் பைசா.

அதோடு இன்னும் ஒரு பைசா சேர்த்தால்? 2,050 மெகாவாட்டுக்கு அந்த ஒரு பைசா வருடத்துக்கு மூன்றரைக் கோடி ரூபாய். எங்கள் திட்டம் நூறு மெகாவாட். அதற்குப் பதினேழரை லட்சம். அதில் செய்யக்கூடியவை: மேய்ச்சல் இழந்தவருக்கு மாதாமாதம் ஒரு தொகை, வேலிக்குள்ளேயே முறைவைத்துச் செம்மறி மேய்க்க ஏற்பாடு, அதற்காகப் பேனலின் கீழ்விளிம்பைக் கொஞ்சம் உயர்த்த ஆகும் கூடுதல் இரும்பு. செம்மறி பேனல்மேல் ஏறாது, புல்லை ஒட்ட மேயும், புல்லறுக்கும் செலவும் குறையும். வெள்ளாட்டுக்கு இது சரிப்படாது. இதெல்லாம் வெளிநாடுகளில் நடப்பதுதான். இங்கே செய்ய முடியாததற்கு ஒரு காரணமும் எனக்குத் தெரியவில்லை. நாங்கள் செய்யாததற்குக் காரணம், அந்தப் பைசாவைக் கேட்க யாரும் ஏல அறைக்குள் இல்லை என்பது மட்டும்தான். ஏலத்துக்கு முன்பே விலையில் அதைச் சேர்த்துவிட வேண்டும். வென்ற பிறகு போனால் வங்கிக்காரர் கணக்கை மூடியிருப்பார்.

மறுநாள் இரவு ரயிலில், மேல் படுக்கையில் குனிந்து உட்கார்ந்து, எங்கள் நிலப் பட்டியலைத் திறந்தேன். 214 வரிசைகள். புல எண், உட்பிரிவு, பரப்பு, பட்டாதாரர், வாரிசுகள், வில்லங்கம், பாதை, ஓடை. ஓடைக்கு அடுத்து ஒரு புதுப் பத்தியைச் சேர்த்தேன். தலைப்பு என்ன வைப்பது என்று வெகுநேரம் யோசித்தேன். ‘மேய்ப்பவர், களையெடுப்பவர், கரிமூட்டம் போடுபவர்’ என்று வைத்தேன். எங்கள் பக்கம் கருவேலங்காட்டை நம்பிக் கரிமூட்டம் போட்டுப் பிழைக்கிற குடும்பங்கள் நிறைய. காட்டைச் சுத்தம் செய்கிற முதல் நாளே அவர்கள் பிழைப்பு போய்விடும். தலைப்பு வைத்தாயிற்று. கீழே 214 கட்டங்கள் காலியாக இருந்தன. விளாத்திகுளம் பக்கத்து அந்த ஊருக்கு இருபது முறையாவது போயிருப்பேன். ஒரு கட்டத்தில்கூட எழுத எனக்கு ஒரு பெயர் தெரியவில்லை.

காலையில் கோவில்பட்டியில் இறங்கியதும் அந்த ஊர்த் தலையாரிக்குப் போன் போட்டேன். புல எண் ஒன்றிலிருந்து சொல்லச் சொன்னேன்.

“பட்டாதாரர் பேருதான் போன மாசமே குடுத்துட்டேனே சார்.”

“அது இல்லண்ணே. அந்தப் புஞ்சையில யாரு ஆடு மேய்க்கிறது, யாரு களைக்குப் போறது, யாரு கரிமூட்டம் போடுறது, அது வேணும்.”

மறுமுனையில் கொஞ்ச நேரம் பேச்சில்லை. ஆடிக் காற்று மட்டும் போனுக்குள் கேட்டது.

“அதையெல்லாம் இதுவரைக்கும் யாரும் கேட்டதில்லையே சார்” என்றார். பிறகு, “செத்த இருங்க. மேக்காலத் தெருவுல இருந்தே வருவோம். நோட்டு எடுத்துட்டீங்களா?”